ஒரு மார்க் கேள்வியும் 34,000 மார்க் கடனும்

"கான்ஸ்டான்டிநோபிளைத் துருக்கியர் கைப்பற்றிய ஆண்டு எது?" ஸ்கூல்ல படிச்ச சரித்திரம் மொத்தமும் மறந்துபோனவங்களுக்குக்கூட இந்த ஒரு மார்க் கேள்விக்குப் பதில் ஞாபகம் இருக்கும். 1453. அதனால வியாபாரப் பாதை அடைபட்டது, ஐரோப்பாக்காரன் கடல்வழி தேடினான், வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினான். அறிஞர்கள் எல்லாம் ஏடுகளைத் தூக்கிக்கிட்டு இத்தாலிக்கு ஓடினாங்க, மறுமலர்ச்சி வந்தது. ஒரே தேதியில உலகத்தையே சுருட்டிக் கையில குடுத்துட்டாங்க நம்ம வாத்தியாருங்க.

அந்த ஊருக்கே போய் அரை நாள் நடந்து பார்த்தா வேற ஒரு தேதிதான் அடிக்கடி காலை இடறுது. 1204. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கபாப், பக்லவா படம் தேடி வந்தவங்க மன்னிச்சிடுங்க :)

இஸ்தான்புல்ல கும்பல் டூர் நிறைய இருக்கு. ஒருத்தர் கொடியைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி ஓடுவார், நாப்பது பேர் பின்னாடி ஓடணும். எனக்கும் தங்கமணிக்கும் அது ஒத்துவராது. அதனால தனியா ஒரு கைடு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மா. கழுத்துல லைசன்ஸ் அட்டை. முதல் கேள்வியே "என்ன பார்க்கணும் உங்களுக்கு?"

நான் வழக்கமான லிஸ்டை ஆரம்பிச்சேன். தங்கமணி குறுக்க புகுந்து, "இருக்கறதை நாங்களே பார்த்துப்போம். இங்க இருந்து காணாமப் போனதை எல்லாம் காட்டுங்க"ன்னுட்டாங்க. அந்த அம்மா சிரிச்சிட்டு, "அப்போ ஹிப்போட்ரோம்ல ஆரம்பிக்கலாம்"னாங்க. தனி கைடு வச்சுக்கறதுல இருக்கற லாபமே இதுதான். நாம ஒரு நூலைப் புடிச்சா, அவங்க அதே நூல்ல போவாங்க.

ஹிப்போட்ரோம்ங்கறது ரோமானியர்களோட தேர்ப்பந்தய மைதானம். இப்போ சுல்தான் அஹமது மசூதிக்கு முன்னாடி இருக்கற நீளமான பூங்கா. கான்ஸ்டன்டைன் கி.பி. 330ல இந்த ஊரைத் தலைநகரமா ஆக்கினப்போ, அதை அலங்கரிக்க சாம்ராஜ்யம் முழுக்க இருந்து பொருட்களை அள்ளிக்கிட்டு வந்தார். அதுல மிச்சம் இருக்கற ஒண்ணு பாம்புத் தூண். மூணு பாம்பு முறுக்கிக்கிட்ட மாதிரி வெண்கலத்துல செஞ்சது. கி.மு. 479ல பிளாட்டியாவுல பாரசீகர்களை ஜெயிச்ச கிரேக்க நகரங்கள் டெல்ஃபி கோயிலுக்குக் காணிக்கையா வச்சது. 31 நகரங்களோட பேர் அதுல பொறிச்சிருக்கு. பக்கத்துலயே எகிப்திய ஸ்தூபி. மூன்றாம் துட்மோஸ் கார்னாக் கோயில்ல நிறுத்தினதை, முதலாம் தியோடோசியஸ் 390ல இங்க நிமிர்த்தி வச்சார். அடிப்பீடத்துல லத்தீன்ல ஒரு கல்வெட்டு, கிரேக்கத்துல ஒரு கல்வெட்டு. லத்தீன்ல 30 நாள்ல வேலை முடிஞ்சதுன்னு இருக்கு, கிரேக்கத்துல 32 நாள்னு இருக்கு. ரெண்டு டீம் ரெண்டு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பற வழக்கம் 1,600 வருஷமா இருக்குங்க!

ஆக, இந்த ஊரே அடுத்தவன் ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்ததை வச்சுத்தான் தன்னை அலங்காரம் பண்ணிக்கிச்சு. அதை முதல்லயே சொல்லிடணும். இல்லேன்னா அடுத்து வர்ற கதையில பாவப்பட்டவங்க ஒரு பக்கம், கொள்ளைக்காரங்க ஒரு பக்கம்னு ரொம்ப சுலபமாப் பிரிச்சிடுவோம்.

மூணாவதா ஒரு கல் தூண் நிக்குது. 32 மீட்டர் உயரம், உடம்பெல்லாம் ஓட்டை. பத்தாம் நூற்றாண்டுல ஏழாம் கான்ஸ்டன்டைன் அதைப் புதுப்பிச்சு, பொன்முலாம் பூசின வெண்கலத் தகடு போர்த்தி விட்டிருந்தார். "தகடு எங்கே?"ன்னு கேட்டேன். "1204"ன்னாங்க. இதே மைதானத்துல நின்ன நாலு வெண்கலக் குதிரைங்க எங்கே? அதுவும் 1204. அதுங்க வெனிஸுக்குப் போய் செயின்ட் மார்க் தேவாலய முகப்புல ஏறிக்கிச்சு. 1797ல நெப்போலியன் அங்க இருந்து பாரிஸுக்கு ஓட்டிட்டுப் போனான். 1815ல திரும்ப வெனிஸுக்கே வந்தது. இஸ்தான்புல்லுக்கு வரலை. இப்போ முகப்புல நிக்கறது நகல், அசல் உள்ளே இருக்கற அருங்காட்சியகத்துல.

சரி, 1204ல என்னதான் நடந்தது? நம்ம பொட்டி தட்டுற மக்களுக்கு இந்தக் கதை சட்டுனு புரியும், ஏன்னா இது ஒரு சொதப்பின ஃபிக்ஸட் பிரைஸ் காண்ட்ராக்ட்.

நாலாவது சிலுவைப்போர். எகிப்து மேல படையெடுத்து, அப்படியே ஜெருசலேமைப் பிடிக்கறதுதான் திட்டம். 1201ல வெனிஸோட ஒப்பந்தம் போட்டாங்க. 4,500 வீரப்பிரபுக்கள், 9,000 உதவி வீரர்கள், 20,000 காலாட்கள், மொத்தம் 33,500 பேருக்குக் கப்பலும் சாப்பாடும் வெனிஸ் தரணும். விலை 85,000 வெள்ளி மார்க். வெனிஸ் மத்த வியாபாரத்தை எல்லாம் ஓரங்கட்டிட்டு கப்பலைத் தயார் பண்ணிச்சு. 1202ல வந்து சேர்ந்தது சொன்னதுல மூணுல ஒரு பங்கு ஆள்தான். தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணியும் 34,000 மார்க் துண்டு விழுந்தது. எஸ்டிமேட் போட்டவன் ஊரைப் பார்க்கப் போயிட்டான், மாட்டினவன் வந்து சேர்ந்த டீம்.

கடனைத் தள்ளி வைக்கறதுக்கு வெனிஸ் ஒரு வேலை குடுத்தது: ஏட்ரியாட்டிக் கடற்கரையில இருக்கற ஜாரா ஊரைப் பிடிச்சுக் குடுங்க. அது கிறிஸ்தவ ஊர். கிறிஸ்தவங்களைத் தாக்கக் கூடாதுன்னு போப் மூன்றாம் இன்னசென்ட் தடுத்தார், கேட்கலை, பிடிச்சாங்க. அவர் படையைச் சபையை விட்டே விலக்கினார். அந்த நேரத்துல கான்ஸ்டான்டிநோபிள் இளவரசன் அலெக்ஸியோஸ் ஆள் அனுப்பினான். "எங்கப்பாவைக் குருடாக்கிட்டு பெரியப்பா ஆட்சியைப் பிடிச்சிட்டார். என்னை அரியணையில ஏத்துங்க, 2,00,000 மார்க் தர்றேன், 10,000 வீரர்கள் தர்றேன், எங்க சபையையும் ரோமுக்குக் கீழ கொண்டு வர்றேன்." கடன்ல முழுகினவனுக்கு வேற என்ன வேணும்?

1203 ஜூன்ல ஊருக்கு வந்தாங்க. பெரியப்பா கையில கிடைச்ச பொன்னை எடுத்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டார். பையன் நாலாம் அலெக்ஸியோஸ்ங்கற பேர்ல பேரரசன் ஆனான். கஜானாவைத் திறந்து பார்த்தா சொன்னதுல பாதிக்கு மேல குடுக்க வழியில்லை. தேவாலய வெள்ளியை எல்லாம் உருக்கினான், ஜனங்க கொதிச்சாங்க. 1204 ஜனவரியில அரண்மனைக்குள்ளயே கவிழ்த்து, அப்புறம் அவனைக் கொன்னுட்டாங்க. வெளியில நிக்கற படைக்கு இப்போ பாக்கி தர ஆளே இல்லை. ஏப்ரல் 12ம் தேதி தங்கக் கொம்பு கழிமுகப் பக்கம் கடல் மதிலைத் தாண்டி உள்ளே புகுந்தாங்க. மூணு நாள் கொள்ளை.

இதைக் கண்ணால பார்த்து எழுதினவர் நிகெடாஸ் கோனியேட்டஸ், பேரரசோட உயர் அதிகாரி. ஹாகியா சோஃபியாவுக்குள்ள கோவேறு கழுதைங்களை ஓட்டிட்டு வந்து வெள்ளியை ஏத்தினாங்க, காசு அடிக்கறதுக்காகப் பழைய வெண்கலச் சிலைகளை உருக்கினாங்கன்னு ஒவ்வொண்ணாப் பட்டியல் போட்டிருக்கார். கிரேக்க சிற்பி லிசிப்பஸ் செஞ்ச ஹெர்குலிஸ் சிலையும் அதுல ஒண்ணு. சிலுவையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்த இவங்களைவிட முஸ்லிம்கள் எவ்வளவோ இரக்கம் காட்டியிருப்பாங்கன்னு அவரே புலம்பறார். எதிர்த்தரப்புல படைத்தலைவன் வில்லார்துவானும் எழுதி வச்சிருக்கான். இவங்க அங்க இருந்தப்போ மூணு தடவை தீ, பிரான்ஸோட மூணு பெரிய ஊர்ல இருக்கற வீடுகளைவிட அதிக வீடு எரிஞ்சதாம். எரிச்ச பக்கமே குடுத்த கணக்கு!

கைடு அம்மா எங்களை ஹாகியா சோஃபியாவுக்கு வெளியில பெஞ்ச்ல உட்கார வச்சு இவ்வளவையும் சொல்லிட்டு, "மேல் மாடத்துல தரையைப் பார்த்து நடங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. தெற்கு மாடத்துல ஒரு கல்லு, லத்தீன் எழுத்துல "ஹென்ரிகஸ் டாண்டலோ". வெனிஸோட தலைவன். கண் தெரியாத, தொண்ணூறு வயசைத் தாண்டினதாச் சொல்லப்படற கிழவன், தானே கப்பல்ல வந்தவன். 1205ல செத்து இங்கதான் புதைச்சாங்க. கல்லறை இப்போ இல்லை. இந்தப் பேர்க்கல்லே 19ம் நூற்றாண்டுல ஃபொசாட்டி சகோதரர்கள் சுல்தானுக்காக மராமத்து பண்ணப்போ வச்சது. நேர் எதிர்ச் சுவர்ல ஏசு, மேரி, யோவான் மொசைக். 1261ல கிரேக்கர்கள் ஊரைத் திரும்ப மீட்டதுக்கு அப்புறம் செஞ்சதுன்னு கருதறாங்க. "ஏங்க, ஊரை அழிச்சவனும் மீட்டவனும் ஒரே ரூம்ல எதிரெதிரா இருக்காங்களே"ன்னாங்க தங்கமணி.

நடுவுல இருந்த 57 வருஷ லத்தீன் ஆட்சியில ஊர் நிமிரவே இல்லை. கடைசி லத்தீன் பேரரசன் இரண்டாம் பால்ட்வின் அரண்மனைக் கூரைத் தகடுகளைப் பிச்சு வித்தான். ஏசுவோட முள்முடின்னு நம்பப்பட்டதையே வெனிஸ்காரன்கிட்ட அடகு வச்சாங்க. அதை பிரான்ஸ் மன்னன் ஒன்பதாம் லூயி மீட்டு, அதுக்குன்னே பாரிஸ்ல செயின்ட் சாப்பல் கட்டினான். 2019ல நோத்ரதாம் எரிஞ்சப்போ தீயில இருந்து காப்பாத்தினாங்களே, அதே முள்முடி. நாலு லட்சம் வரை இருந்ததாக் கணக்கு சொல்ற மக்கள்தொகை, 1453ல சுமார் ஐம்பதாயிரம். இரண்டாம் மெஹ்மத் பீரங்கியோட வந்து நின்னது ஏற்கனவே உள்ளே காலியான ஊருக்கு முன்னாடி.

இதுக்காக 1453ஐ வெள்ளையடிக்கணும்னு இல்லை. அப்பவும் கொள்ளை நடந்தது, ஆயிரக்கணக்கான பேரை அடிமையா வித்தாங்க. பேரரசர்களைப் புதைச்ச புனித அப்போஸ்தலர் தேவாலயத்தை இடிச்சுட்டுத்தான் 1463ல ஃபாத்திஹ் மசூதியைக் கட்ட ஆரம்பிச்சாங்க. கைடு அம்மா இதுல எதையும் மறைக்கலை. ஆனா அந்தக் கல்லறைகளை முதல்ல உடைச்சுத் திருடினது 1204லன்னும் சேர்த்துச் சொன்னாங்க. பாம்புத் தூணோட தலைங்க ஓட்டோமான் ஆட்சியில இன்னும் 250 வருஷம் கிட்ட முழுசா இருந்ததுன்னும் சொன்னாங்க. புத்தகத்துல இருக்கற மத்த ரெண்டு வரிக்கும் இதே கதிதான். கிரேக்க அறிஞர் கிரிசோலோராஸ் ஃப்ளாரன்ஸுக்குப் பாடம் எடுக்கப் போனது 1397. போர்ச்சுக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையில சியூட்டாவைப் பிடிச்சது 1415. ரெண்டுமே 1453க்கு முன்னாடி.

ஏன் அந்தத் தேதி மட்டும் எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிச்சு? நான் கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் இது: "1453ல எங்க பக்கம் பெருமைப்படலாம், அந்தப் பக்கம் அழலாம். ரெண்டு பேருக்கும் உபயோகம் இருக்கு. 1204ல பெருமைப்பட யாருக்கும் ஒண்ணும் இல்லை." 2001ல ஏதென்ஸ் போன போப் இரண்டாம் ஜான் பால் அந்தக் கொள்ளைக்காக வருத்தம் தெரிவிச்சார். கிட்டத்தட்ட 800 வருஷம் கழிச்சு.

ரெண்டு மதம் மோதிக்கிச்சுன்னு ஒரே வரியில சொல்ற கதை பரீட்சைக்கு வசதி, மேடைக்கு அதைவிட வசதி. கல்லைப் பார்த்தா அங்க மதத்தோட சேர்ந்து கடன் இருக்கு, வட்டி இருக்கு, குடும்பச் சண்டை இருக்கு, தப்பாப் போட்ட ஆள் கணக்கு இருக்கு. "அவங்க இடிச்சாங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா, எந்த வருஷம், எதுக்காக, அதுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருந்ததுன்னு மூணு கேள்வியாவது கேட்கணும்.

கடைசியா தொல்லியல் அருங்காட்சியகத்துல காட்டினது ஒரு செம்பளிங்குப் பாதம். வெனிஸ்ல செயின்ட் மார்க் தேவாலய மூலையில நாலு ரோமானிய ஆட்சியாளர்கள் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கற சிலை இருக்கு. அதுல ஒருத்தருக்கு ஒரு பாதம் கிடையாது, வெள்ளைக் கல்லை வச்சு ஒட்டியிருக்காங்க. 1960கள்ல இஸ்தான்புல்ல தோண்டினப்போ அந்தப் பாதம் இங்கயே கிடைச்சது. அதனாலதான் சிலை எங்க இருந்து போச்சுன்னு சந்தேகத்துக்கு இடமில்லாமத் தெரிஞ்சது. தூக்கிட்டுப் போன அவசரத்துல விட்டுட்டுப் போன சாட்சி.

பி.கு: போற மக்களுக்கு. ஹாகியா சோஃபியா 2020 ஜூலையில இருந்து மறுபடி மசூதி. 2024 ஜனவரியில இருந்து வெளிநாட்டு சுற்றுலாக்காரங்களுக்கு மேல் மாடம் மட்டும்தான், டிக்கெட் 25 யூரோன்னு ஆரம்பிச்சாங்க. டாண்டலோ கல்லு அங்கதான் இருக்கு, நிறைய பேர் மிதிச்சிட்டுப் போறாங்க. உங்க ஊர்ல இந்த மாதிரி "காணாமப் போனது" ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்த்து வச்சு இன்னொரு பதிவு போட்டுடலாம்.