ஆப் தானா மூடிக்குதா? தப்பு உங்க போன் மேல இல்லாமலும் இருக்கலாம்: 'மெமரி லீக்' என்றால் என்ன, கண்டுபிடிப்பது எப்படி?

தருவைகுளத்திலிருந்து நாள் கணக்கில் தங்கி மீன்பிடிக்கப் போகும் படகாக இருந்தாலும் சரி, தெரேஸ்புரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வள்ளமாக இருந்தாலும் சரி, இப்போ எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், இலங்கைக் கடல் எல்லைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என எல்லாவற்றுக்கும் ஆப் வந்துவிட்டது. மன்னார் வளைகுடாவில் எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படையிடம் சிக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில், எச்சரிக்கை தர வேண்டிய ஆப் சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டால்?

கடலில் மட்டும் இல்ல. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றி வரும் டிரைலர் டிரைவர், பேங்க் ஆப்பில் பணம் அனுப்பும் கடைக்காரர் என எல்லாரும் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பீங்க. ஆப் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென மெதுவாகும், பிறகு மூடிக்கொள்ளும். உடனே நாம் செய்வது இரண்டே இரண்டு. போனைத் திட்டுவோம், இல்லையென்றால் ஆப்புக்கு ஒரு ஸ்டார் போடுவோம். ஆனால் பல நேரங்களில் கோளாறு இந்த இரண்டிலுமே இருக்காது. அந்த ஆப்புக்குள் வேறு யாரோ எழுதி வைத்த ஒரு துண்டு மென்பொருளில் இருக்கும்.

ஆப்புக்குள் வேறு யார் இருக்காங்க?

ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். படகைக் கட்டியவர் ஒருவர். இன்ஜின் வேறு கம்பெனி. வயர்லெஸ் இன்னொரு கம்பெனி. ஆப்பும் அப்படித்தான். மேப் காட்ட ஒரு துண்டு, விளம்பரம் காட்ட ஒரு துண்டு, லாகின் செய்ய ஒன்று, பணம் கட்ட ஒன்று. ஒவ்வொன்றையும் வேறு வேறு நிறுவனங்கள் எழுதியிருக்கும். ஆப் தயாரிப்பவர் அவற்றை வாங்கி உள்ளே பொருத்துகிறார். இவற்றைத்தான் 'தேர்ட் பார்ட்டி காம்போனென்ட்' என்கிறார்கள். நூலகம், எஸ்டிகே என்றெல்லாம் பெயர் உண்டு.

வசதிதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத யாருக்கு நேரம் இருக்கு? ஆனால் உள்ளே இருக்கும் ஒரு துண்டு விழுந்தால், பெரும்பாலும் மொத்த ஆப்பும் விழும்.

இதற்கு நல்ல உதாரணம் 2020-ல் நடந்தது. அந்த ஆண்டு மே 6-ம் தேதி ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, பின்டரெஸ்ட், டிக்டாக், டிண்டர் என ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஆப்கள் திறந்தவுடன் மூடின. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஃபேஸ்புக்கின் எஸ்டிகே. ஃபேஸ்புக் தன் பக்கத்தில் செய்த ஒரு மாற்றம், அந்தத் துண்டைத் தடுமாற வைத்தது. ஃபேஸ்புக் கணக்கு வழியாக லாகின் செய்யாதவர்களுக்கும் ஆப் திறக்கவில்லை. ஏனென்றால், ஆப் திறக்கும்போதே அந்தத் துண்டும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். ஜூலை 10-ம் தேதி இதே கதை மறுபடியும் நடந்தது. இரண்டு முறையும் ஸ்பாட்டிஃபை தன் ஆப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு அந்த அனுபவம் 2021 மார்ச் 22, 23-ல் கிடைத்தது. ஜிமெயில் உட்பட பல ஆப்கள் வரிசையாக க்ராஷ் ஆகின. போன் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. காரணம், 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற ஒரு பொதுத் துண்டு. ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் வேலையைச் செய்வது அதுதான். கூகுள் 89.0.4389.105 என்ற புதிய பதிப்பை விட்ட பிறகு, வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்தவர்களுக்குச் சரியானது.

சரி, மெமரி லீக் என்றால் என்ன?

மேலே சொன்ன இரண்டும் 'திறந்ததும் மூடும்' ரகம். மெமரி லீக் வேறு ரகம், மெதுவாகக் கொல்லும்.

தமிழில் இதை 'நினைவகக் கசிவு' என்று மொழிபெயர்க்கிறார்கள். கேட்டால் ஏதோ ஒழுகி வெளியே போகிற மாதிரி இருக்கும். நடப்பது நேர் எதிர். எதுவும் வெளியே போவதில்லை, எல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. 'அடைப்பு' என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

தூத்துக்குடி துறைமுகத்தின் கன்டெய்னர் யார்டை நினைத்துப் பாருங்கள். கப்பலிலிருந்து பெட்டி இறங்கும், யார்டில் அடுக்குவார்கள், லாரி வந்து எடுத்துப் போகும், அந்த இடம் அடுத்த பெட்டிக்குக் கிடைக்கும். இப்போது பத்துப் பெட்டியில் ஒன்றை மட்டும் யாரும் எடுக்கவே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் கிரேன் சுற்றிச் சுற்றி வேலை செய்ய வேண்டிவரும். ஒருநாள் யார்டு நிறைந்துவிடும், அடுத்த கப்பல் வெளியே நிற்கும்.

போனில் யார்டு என்பது ரேம். ஆப் ஒரு வேலைக்கு ரேமில் இடம் கேட்டு வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராமல் விட்டால் அதுதான் லீக். ஆண்ட்ராய்டில் பயன்படாத பெட்டிகளை அகற்ற ஒரு தானியங்கி துப்புரவாளர் உண்டு. ஆனால், 'இது இன்னும் வேணும்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் அவர் தொடமாட்டார். சீட்டைக் கிழிக்க மறந்துபோனால் பெட்டி அங்கேயே கிடக்கும். பெரும்பாலான லீக்குகள் இந்த மறதிதான். மேப், வீடியோ போன்ற கனமான துண்டுகள் இந்தத் துப்புரவாளர் எட்டாத வேறொரு பகுதியிலும் இடம் பிடிக்கும். அங்கே தேங்கினால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

இது சும்மா போன் ஹேங் ஆகும் சமாச்சாரம்தானே என்று நினைக்க வேண்டாம். லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26-ல் புதிய கணினி முறைக்கு மாறியது. முதல் இரண்டு நாளிலேயே குளறுபடி. அதன்பின் பாதி கணினி, பாதி கையெழுத்து என்று சமாளித்தார்கள். நவம்பர் 4 அதிகாலையில் மொத்தமாக உறைந்து நின்றது. விசாரணையில் தெரிந்த காரணம் இதுதான்: சுமார் 3 வாரத்துக்கு முன் புரோகிராமர் ஒருவர் ஒரு சின்ன துண்டு கோடை எடுக்காமல் விட்டிருந்தார். ஒவ்வொரு முறை ஆம்புலன்ஸ் அனுப்பும்போதும் அது சர்வரில் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. 3 வாரத்தில் யார்டு நிறைந்தது. அந்த மென்பொருளை ஆம்புலன்ஸ் சேவை தானே எழுதவில்லை, வெளி நிறுவனத்திடம் வாங்கியதுதான்.

எந்தக் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

க்ராஷ் ஆனதைவிட, எப்போது க்ராஷ் ஆனது என்பதுதான் முக்கியம்.

திறந்த உடனே மூடினால் அது பெரும்பாலும் புதிய அப்டேட் அல்லது உள்ளே இருக்கும் துண்டின் கோளாறு. ஒரே நாளில் பல ஆப்கள் சேர்ந்து விழுந்தால் சந்தேகமே வேண்டாம், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அடிவாங்கியிருக்கிறது. மேப்பைத் திறந்தால் மட்டும், அல்லது விளம்பரம் வந்தால் மட்டும் மூடினால், அந்தத் துண்டைத்தான் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு தடவி, போன் சூடாகி, கடைசியில் மூடினால் அது லீக்காக இருக்க வாய்ப்பு அதிகம். மூடித் திறந்ததும் மறுபடி ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறதா? சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஒரு குழப்பம் மட்டும் இருக்கு. ரேம் குறைவான போனில், நீங்கள் யூடியூப் பார்க்கும்போது பின்னணியில் ஓடும் ஆப்பை ஆண்ட்ராய்டே மூடிவிடும். அது க்ராஷ் அல்ல. எந்த அறிவிப்பும் வராது. எல்லை எச்சரிக்கை தரும் ஆப்பைப் பின்னணியில் ஓடவிடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்கணும்.

போனில் என்ன செய்யலாம்?

முதலில் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுங்கள். பிறகு 'க்ளியர் கேஷ்'. சரியாகவில்லை என்றால் ஆப்பையும், பிளே ஸ்டோரில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் அப்டேட் செய்து பாருங்கள். அப்டேட் செய்த பிறகுதான் பிரச்சினையே வந்தது என்றால், வெப்வியூவுக்கு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' வசதி உண்டு. பழைய பதிப்புக்குப் போய்விடலாம். போனே தடுமாறினால், திரையில் வரும் 'பவர் ஆஃப்' பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் பல போன்களில் 'சேஃப் மோடு' வரும். அதில் நீங்கள் ஏற்றிய ஆப்கள் எதுவும் ஓடாது. அங்கே போன் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆப்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'க்ளியர் கேஷ்' பக்கத்திலேயே 'க்ளியர் டேட்டா' அல்லது 'க்ளியர் ஸ்டோரேஜ்' என்று இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் ஆப்பில் சேமித்த எல்லாம் போய்விடும். மீன் கிடைக்கும் பார், வலை விட்ட இடம் எனப் பல வருஷமாகக் குறித்து வைத்த ஜிபிஎஸ் புள்ளிகள் போனால், நடுக்கடலில் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதும் அப்படித்தான். கடலில் அதற்கு சிக்னலும் கிடைக்காது.

அதனால் கரையில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். கிளம்பும் முன் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், தேங்கிய பெட்டி எல்லாம் அதில் காலியாகிவிடும். கிளம்புகிற அன்றைக்கு எந்த ஆப்பையும் அப்டேட் செய்யாதீர்கள். எல்லை ஆப்புக்கு மட்டும் 'பேட்டரி ஆப்டிமைசேஷன்' வசதியை அணைத்துவிடுங்கள். முக்கியமான புள்ளிகளை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். போனின் ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை, ஆனால் மேப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' ஆப் எல்லை எச்சரிக்கையும் கடல் நிலவரமும் தருகிறது. 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கைகளை செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குக் கொண்டு சேர்க்கும் 'ஜெமினி' கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. செல்போன் டவர் இல்லாத இடத்திலும் தகவல் வரும். ஆனால் அந்தத் தகவல் ப்ளூடூத் வழியாகப் போன் ஆப்பில்தான் தெரியும். எவ்வளவு நல்ல ஆப்பாக இருந்தாலும் அது ஓடுவது நம்ம போனில்தான். எனவே தனி ஜிபிஎஸ் கருவியும் விஎச்எஃப் வயர்லெஸும் படகில் இருக்கட்டும். விஎச்எஃப்பில் அவசரத்துக்கு சேனல் 16. சிக்னல் உள்ள தூரத்தில் கடலோரக் காவல்படையின் எண் 1554.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் இதே கதைதானா?

ஆமாம். 2024 ஜூலை 19 நினைவிருக்கா? விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்று இந்திய நேரப்படி காலை 9.39-க்கு வெளியானது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. 21 தகவல்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே வந்தது. இல்லாத 21-வதைத் தேடி, தொடக் கூடாத மெமரி பகுதியை மென்பொருள் தொட்டது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஆள் நேரில் போய் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலை அழித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆப் எழுதுபவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

நம்ம ஊர் கல்லூரி மாணவர்கள் நிறைய பேர் இப்போ சொந்தமாக ஆப் எழுதுறாங்க. அவர்களுக்காகக் கொஞ்சம்.

க்ராஷ் பதிவை முதலில் படியுங்கள். எந்த வரியில் விழுந்தது என்பதுடன், அந்த வரி யாருடையது என்றும் பாருங்கள். உங்கள் பேக்கேஜ் பெயரில் தொடங்கவில்லை என்றால் துண்டின் பெயர் அங்கேயே இருக்கும். தெளிவாக இல்லையா? துண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டிப் பாருங்கள். எதை எடுத்தால் நிற்கிறதோ அதுதான். சலிப்பான வேலை, ஆனால் இதைவிட நம்பகமான வழி இல்லை.

லீக் என்றால் ஸ்கொயர் நிறுவனம் 2015-ல் இலவசமாக வெளியிட்ட 'லீக்கேனரி' கருவியைச் சேருங்கள். எந்தப் பெட்டியில் யார் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று காட்டிவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் புரொஃபைலரில் ஒரே திரையைப் பத்து முறை திறந்து மூடுங்கள். மெமரி கோடு ஏறி இறங்கினால் பயமில்லை. ஒவ்வொரு முறையும் முன்பைவிட உயரமான இடத்திலேயே நின்றால் லீக். இந்தச் சோதனையை உங்கள் புது போனில் செய்யாதீர்கள், 2 ஜிபி ரேம் உள்ள பழைய போனில் செய்யுங்கள்.

துண்டை எழுதியவர் மேல் பழி போடும் முன் ஒரு விஷயம். வெப்வியூவை உருவாக்கினால் முடிவில் 'டெஸ்ட்ராய்' சொல்ல வேண்டியது நாம்தான். கூகுள் மேப் திரைக்கும் அதே விதி. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு 'அவங்க மேப் லீக் ஆகுது' என்று புகார் எழுதுபவர்கள் ஏராளம். நம் பக்கம் சரி என்று உறுதியான பிறகு, வேறு எதுவும் இல்லாத ஒரு குட்டி ஆப்பில் அந்தத் துண்டை மட்டும் போட்டு, அதிலும் லீக் வருகிறது என்று காட்டிப் புகார் அனுப்புங்கள். பதில் வரும்வரை பழைய, நன்றாக ஓடிய பதிப்பின் எண்ணையே பூட்டி வைத்துக்கொள்ளலாம். 'எப்போதும் புதியது' என்று அமைத்து வைத்தால், நீங்கள் தூங்கும்போது உங்கள் ஆப் மாறிப்போகும்.

விளம்பரம், லாகின் போன்றவற்றை ஆப் திறக்கும் நொடியிலேயே ஓடவிட வேண்டாம், தேவைப்படும்போது எழுப்பினால் போதும். ஆப்பின் க்ராஷ் அளவை கூகுள் பிளேயும் கணக்கில் வைக்கிறது. தினசரிப் பயனாளர்களில் 1.09 சதவீதத்துக்கும் மேல் க்ராஷைச் சந்தித்தால் அதை மோசமான ஆப் என்று எடுத்துக்கொண்டு, தேடலில் பின்னுக்குத் தள்ளவும் செய்யலாம். அந்தக் கணக்கில் கோளாறு யாருடைய துண்டில் இருந்தாலும், பழி விழுவது உங்கள் ஆப் பெயரில்தான்.