உறைமேல் இருந்த பில் நம்பர்

2000-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டென்வர் நகருக்குப் பக்கத்தில் ஒரு டிரெய்லர் வீட்டைப் போலீஸ் சோதனை போடுகிறது. உள்ளே போதைப்பொருள் காய்ச்சிய தடயங்கள். கூடவே, அதைத் தயாரிக்கும் முறையைச் சொல்லும் இரண்டு புத்தகங்கள். வெளியே குப்பையில் ஒரு காலி தபால் உறை. டென்வரின் பிரபலமான ‘டாட்டர்ட் கவர்’ புத்தகக்கடை அனுப்பியது; மேலே பில் நம்பர் இருக்கிறது.

அந்த வீட்டில் பலர் புழங்கினார்கள். உறையில் பெயர் இருந்த ஆள்தான் அந்தப் புத்தகங்களை வாங்கினார் என்று காட்டிவிட்டால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. அந்த பில்லில் என்ன புத்தகம் என்று கேட்டு போலீஸ் கடைக்குப் போனது. உரிமையாளர் ஜாய்ஸ் மெஸ்கிஸ் சொல்ல மறுத்துவிட்டார். வாரண்ட்டோடு வந்தும் மறுத்தார்.

வழக்கு கொலராடோ உச்ச நீதிமன்றம் வரை போய், 2002 ஏப்ரலில் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. என்ன வாங்கினோம் என்பது அரசுக்குப் போகும் என்றால் ஜனங்கள் புத்தகம் வாங்கவே பயப்படுவார்கள் என்பது தீர்ப்பின் சாரம்.

அப்புறம்தான் அந்த உறைக்குள் இருந்தது என்ன என்பது வெளியே தெரிந்தது: ஜப்பானிய எழுத்துகள் பற்றிய புத்தகம்!

ஒரே ஒரு பில்லுக்கு இவ்வளவு போராட்டம். அதுவும் அந்த பில் சொல்லக்கூடியது ‘வாங்கினார்’ என்பது மட்டும்தான். படித்தாரா, எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், எதை அடிக்கோடிட்டார் என்பதெல்லாம் கடைக்கே தெரியாது.

2007 நவம்பரில் கிண்டில் வந்தது. கடைசியாகப் படித்த பக்கம், புக்மார்க், அடிக்கோடு, குறிப்பு எல்லாம் சர்வரில் சேர ஆரம்பித்தன. போனில் விட்ட இடத்தை டேப்லெட்டில் பிடிக்க இது தேவை, வசதிதான். ஆனால் ‘இத்தனை பேர் இந்த வரியை அடிக்கோடிட்டார்கள்’ என்று கிண்டில் காட்டுகிறதே, அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்க.

2014-இல் இன்னொரு விஷயம் வெளியானது. நூலக மின்னூல்களைப் படிக்கப் பலர் பயன்படுத்திய அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளின் 4-ஆம் பதிப்பு, எந்தப் புத்தகம், எந்தெந்தப் பக்கம் என்ற விவரத்தை மறையாக்கம் செய்யாமலேயே இணையத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. வழியில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்திருக்கலாம். எதிர்ப்பு வந்தபிறகு, அனுப்புவதை மறையாக்கம் செய்தார்கள், அனுப்புவதை நிறுத்தவில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியா 2011-இல் வாசகர் அந்தரங்கச் சட்டம் கொண்டுவந்தது. மின்னூல் விற்பவரிடமிருந்து அரசு விவரம் வாங்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அது பூட்டுவது கொடுக்கும் கதவை. சேர்த்துவைக்கும் அலமாரியை அல்ல.

நூலகர்கள் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். புத்தகம் திரும்பி வந்ததும், எடுத்தவர் பெயரையும் புத்தகத்தையும் இணைக்கும் பதிவை அழித்துவிடுவது. பல நூலக மென்பொருள்களில் அப்படி அமைத்துக்கொள்ள முடியும். இல்லாத பதிவை எந்த வாரண்ட்டாலும் எடுக்க முடியாது.

நம்மால் முடிந்தது கொஞ்சம்தான்: வைஃபையை அணைத்துவைப்பது, அடிக்கோடு பகிர்வை நிறுத்துவது, டிஆர்எம் இல்லாத கோப்பாக வாங்கிக் கணினியிலிருந்து கேபிளில் ஏற்றுவது.

மெஸ்கிஸ் மறுத்தபோது அவருக்கும் போலீசுக்கும் நடுவில் ஒரு கவுன்ட்டர் இருந்தது, கேள்வி கேட்க ஓர் ஆள் வந்தாக வேண்டியிருந்தது. என் கிண்டில் யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது.