கெப்போ: ஒரு சொல்லின் பிறந்த வீடு



அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரை இந்தோனேசிய இளைஞர்கள் 'கெப்போ' என்பார்கள். முகநூலில் பிறருடைய பழைய படங்களைத் துருவினாலும் அதே பட்டம்தான். ஏதோ ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் என்று அங்கே பலர் விளக்குகிறார்கள். அது பின்னால் ஒட்டவைத்த கதை. ஹொக்கியன் சீனப் பேச்சிலிருந்து வந்த சொல் இது. சிங்கப்பூரிலும் 'கேப்போ' என வழங்குகிறது.

1966இல் இந்தோனேசியாவில் சீனமொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1967இல் சுகார்த்தோ அரசு சீனப் பண்டிகைகளைப் பொது இடத்தில் கொண்டாடத் தடை விதித்தது. 2000இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாகித் அதை நீக்கினார். இடைப்பட்ட காலத்திலும் மேடான் நகர வீடுகளில் ஹொக்கியன் பேச்சு பிழைத்திருந்தது.

இன்று அந்தச் சொல் நாடெங்கும் புழங்குகிறது; பிறந்த வீடுதான் மறந்துவிட்டது. வாத்தியாரான எனக்கு அதுதான் வருத்தம். அடுத்த வீட்டைத் துருவும் நேரத்தில், நாம் பேசும் சொல்லின் வீட்டையும் கொஞ்சம் துருவிப் பாருங்கள், பிள்ளைகளே.