பாலியல் வன்முறையின் மனக்காயமும் தியானமும்

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் அதன் மனக்காயத்திலிருந்து மீள, உளவியல் சிகிச்சைக்குத் துணையாகச் செய்யும் தியானம், மூச்சுப் பயிற்சி, யோகம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கொடுமை முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் ஒரு வாடை வந்தாலோ காலடி ஓசை கேட்டாலோ உடல் திடுக்கிட்டு நடுங்கலாம். சிலருக்கு மரத்தும் போகலாம். இப்போது, இங்கே ஆபத்தில்லை என்பதை உடல் மெல்ல உணரப் பழக்குவதே இப்பயிற்சிகளின் நோக்கம்.

வரலாறு

இவற்றுள் தியானத்தின் வேர், பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான சதிபட்டான சுத்தத்தில் இருக்கிறது. உடல், நுகர்வுணர்ச்சி, மனம், மனத்தில் எழும் பொருள்கள் என நான்கையும் உள்ளது உள்ளபடி கவனிக்கும் நெறியை அது வகுக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பர்மாவின் மஹாசி சயாடோவும் யு பா கினும் இதை இல்லறத்தாருக்கும் பரவலாகக் கற்பித்தனர். ஜெர்மனியில் பிறந்து இலங்கையில் துறவு பூண்ட ஞானபொனிக தேரர், கண்டியில் வாழ்ந்து எழுதிய நூல்களால் இதை மேலைநாட்டாருக்கு அறிமுகப்படுத்தினார். 1979இல் ஜான் கபாட்-ஜின், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியுள்ளோருக்காக இதைச் சமயச் சாயலின்றிச் சில வாரப் பயிற்சியாக அமைத்தார். இதுவே 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

மனக்காயம் பற்றிய மருத்துவ அறிவு வேறு வழியில் வளர்ந்தது. 1974இல் ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் ஆகியோர் பாஸ்டன் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் பேசி, வல்லுறவின் பின்விளைவுகளைப் பதிவுசெய்தனர். 1980இல் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் (பிடிஎஸ்டி) அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. 1992இல் ஜூடித் ஹெர்மன், பாதுகாப்பே மீட்சியின் முதற்படி என்று நிறுவினார். 2000களின் தொடக்கத்தில் டேவிட் எமர்சன், பெஸல் வான் டெர் கோக் ஆகியோர் பாஸ்டன் அருகே மனக்காயம் அறிந்த யோகமுறையை உருவாக்கியபோது இரு வழிகளும் இணைந்தன.

முறை

கண்ணை மூடி அசையாது அமரும் வழக்கமான தியானம் பலருக்கு ஒத்துவராது. மூச்சைக் கவனித்தாலே பழைய நினைவு மேலெழலாம். எனவே கண்ணைத் திறந்தே இருக்கலாம். பாதம் தரையில் பதிவதையோ வெளியில் கேட்கும் ஒலியையோ கவனிக்கலாம். வேண்டாமெனில் உடனே நிறுத்தலாம். எமர்சனின் முறையில் ஆசிரியர் எவரையும் தொட்டுத் திருத்துவதில்லை, கட்டளையிடுவதுமில்லை. "விரும்பினால் கையை உயர்த்திப் பாருங்கள்" என்பதே அங்குள்ள பேச்சு. வன்முறை பறித்தது தன் உடல்மீது ஒருவருக்குள்ள உரிமையை. அதை மீட்டுத் தருபவை இந்தச் சிறு தேர்வுகளே.

ஆய்வுகள்

குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளான 27 பேரிடம் பால்டிமோரில் நடந்த 8 வாரப் பயிற்சியின் முடிவு 2010இல் வெளியானது. மனச்சோர்வும் பிடிஎஸ்டி அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. நாள்பட்ட பிடிஎஸ்டி உள்ள 64 பெண்களிடம் வான் டெர் கோக் குழு நடத்திய 10 வார ஒப்பீட்டு ஆய்வு (2014) யோகத்தின் பயனை உறுதிசெய்தது. ராணுவப் பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளான 131 முன்னாள் படைவீராங்கனைகளிடம் நடந்த ஆய்வில் (2023), யோகம் நிலைபெற்ற உளவியல் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்தது. பயிற்சியை முடித்தவர்கள் விகிதமும் யோகக் குழுவில் அதிகம்.

இன்றைய நிலை

தீவிர அறிகுறிகள் உள்ளவர்கள் தனியாகவோ, பல நாள் பேசாமல் இருக்கும் தியான முகாமிலோ தொடங்காமல், மனநல மருத்துவரின் துணையோடு தொடங்குவதே முறை. இந்தியாவில் மனநல உதவிக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன.