பொஸ்டன் மரதனும் சக்கர நாற்காலியும்

1975ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் சக்கர நாற்காலியில் கலந்துகொள்ள அனுமதி கேட்டார் பொப் ஹோல் என்ற 23 வயது இளைஞர். சிறுவயதில் போலியோவினால் பாதிக்கப்பட்டவர். "மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழ் உங்களுக்கும்" என்று நிபந்தனை வைத்தார் போட்டிப் பணிப்பாளர். ஹோல் 2 மணி 58 நிமிடத்தில் முடித்தார்.

சக்கர நாற்காலி விளையாட்டு அதற்கு முன்பே இருந்தது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மென்டவில் வைத்தியசாலையில் டொக்டர் லுட்விக் குட்மன், காயமடைந்த 16 படையினருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பரா ஒலிம்பிக்கின் தொடக்கம் அதுதான்.

ஆனால் அக்கால நாற்காலிகள் விளையாடுபவருக்காகச் செய்யப்பட்டவை அல்ல, நோயாளிக்காகச் செய்யப்பட்டவை. 1930களில் எவரெஸ்ட், ஜெனிங்ஸ் என்ற இருவர் காரில் ஏற்றக்கூடிய மடிப்பு நாற்காலியைக் கொண்டு வந்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் உருக்குக் குழாய், எடை 20 கிலோவுக்கு மேல்.

அதை மாற்றியவர்கள் நாற்காலியில் இருந்தவர்களே. ஹோல் தானே பந்தய நாற்காலிகள் செய்யத் தொடங்கினார். கிளைடர் விபத்தில் நடக்க முடியாமற்போன மெரிலின் ஹமில்டன், கிளைடர் செய்யும் இரு நண்பர்களிடம் அதே அலுமினியக் குழாயில் ஒரு நாற்காலி செய்து தரச் சொன்னார். எடை பாதியளவுக்குக் குறைந்தது.

பின்பு வடிவமும் மாறியது. சக்கரங்களின் மேற்பக்கம் உடலை நோக்கிச் சாய்ந்தது. கைக்கு எட்டும், அடிப்பக்கம் அகன்றதால் இலேசில் கவிழாது. தள்ளும் வளையம் சிறிதானது. சைக்கிளில் பெரிய கியர் போட்டது போல, ஒரு தள்ளுக்கு அதிக தூரம். முன்னால் நீண்டு ஒற்றைச் சக்கரம் வந்தது. இருக்கை அவரவர் உடலளவுக்கு அமைந்தது.

2024இல் அதே பொஸ்டன் போட்டியில் சுவிஸ் வீரர் மார்சல் ஹுக் எடுத்த நேரம் 1 மணி 15 நிமிடம் 33 செக்கன். பயிற்சியும் கூடியிருக்கிறது, உண்மை. ஆனால் மனிதக் கைகள் ஐம்பது வருடத்தில் இரண்டு மடங்கு பலமாகிவிடவில்லை.

உறவுகளே, நம் ஊரில் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்க நிதி சேர்க்கிறோம். நல்ல காரியம். பெருநாள் உடுப்புக்கு அளவெடுக்கும் நாம், நாள் முழுக்க ஒருவர் அமரப்போகும் நாற்காலிக்கு அளவெடுக்கிறோமா? இடுப்பின் அகலம், காலின் நீளம், தானே தள்ளுவாரா இல்லையா. வாங்குவதற்கு முன் அவரிடமே கேளுங்கள்.