கருகிய பெஞ்சுக்கு எதிரே ஒரு திரை

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் சிறார் திரைப்பட விழாவைப் பற்றிப் பேசப் புகுந்தால், சினிமாவுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெஞ்சைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தின் தலைவர் அய்யன்காளி. 1910களில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் அழைத்துப் போனார். திருவிதாங்கூர் அரசின் ஆணை அவர் பக்கம் இருந்தது. ஊர் அவர் பக்கம் இல்லை. ஆதிக்க சாதியினர் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். அந்தத் தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றை அப்பள்ளி இன்றும் காத்துவைத்திருக்கிறது. 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. கலகம் பாடத்திட்டத்தைப் பற்றியதல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பஞ்சமி எதைப் படிப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. யார் பக்கத்தில் உட்காருவாள் என்பதே கேள்வி.

இரண்டு பத்தாண்டுக்குள் அதே கேள்வி சினிமாக் கொட்டகையிலும் எழுந்தது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம், பேசாத படம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் அது திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. தலைப்புக்குப் பொருள் ‘காணாமற்போன பிள்ளை’. அந்தப் பிள்ளையாக நடித்தது டேனியலின் மகன் சுந்தர். நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசியோ தலித் சமூகத்தவர். அவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொன்னதால், தான் நடித்த படத்தின் தொடக்கக் காட்சிக்கே ரோசிக்கு இடமில்லாமல் போனது. திரையில் அவர் வந்தபோது கல் பறந்தது. ஊரைவிட்டு ஓடிய ரோசி நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். குழந்தையின் பெயர் தாங்கிய முதல் படம், உட்கார இடம் யாருக்கு என்ற சண்டையோடுதான் தொடங்கியது.

அதன்பின் வந்த டாக்கீஸ் சாதியைக் கரைத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான், இருட்டில் யார் எவர் என்று தெரியாது. ஆனால் தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் பிரிந்து கிடந்தது. சாதி கேட்ட இடத்தில் காசு கேட்டது, அவ்வளவுதான். இந்த வரிசையைக் கலைக்கும் வாய்ப்பு விழாக்களுக்கு இருந்தது. இந்தியக் குழந்தைகள் திரைப்படக் கழகம் 1955-இல் தொடங்கியது. சர்வதேசக் குழந்தைகள் ஆண்டான 1979-இல் தேசிய அளவிலான விழா பிறந்து, பின்னர் ஹைதராபாத்தில் நிலைகொண்டது. இருந்தும் எனக்குப் பெரிதாகப் படுவது அரசு அமைப்பு எதுவுமில்லை. 1980களில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடெஸா குழுவினர் ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைக் காட்டி, மக்களிடம் பணம் திரட்டி ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். அவர்கள் நோக்கம் சிறார் கல்வியல்ல. ஆனாலும் கையில் எடுத்தது ஒரு குழந்தையைப் பற்றிய மௌனப் படம். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் எல்லையோரப் பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைக்கு, விழாக்களில் ஆங்கிலத் துணையுரையோடு ஓடும் ஈரானியப் படத்தைவிட அது நெருக்கமானது. படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் இல்லை.

கேரளத்தின் சர்வதேசச் சிறார் திரைப்பட விழா 2018 மே மாதம் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. மாநிலக் குழந்தைகள் நலக் கழகமும் சலச்சித்திர அகாடமியும் கைகோத்த முயற்சி. நல்ல காரியம், ஆனால் மே என்பது பள்ளி விடுமுறை. ஆசிரியர் கூட்டிப்போக வழியில்லாத மாதத்தில், கூட்டிப்போக நேரமும் வண்டிச் செலவுக்குக் காசும் உள்ள பெற்றோரின் பிள்ளைக்கே முதலில் வாசல் திறக்கும். காஞ்சிரங்குளத்திலிருந்து தலைநகர் இருபது கிலோமீட்டர் அளவுதான். கூலிவேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒருநாள் சம்பளம். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: கல்லெறிந்து விரட்டியதையும் பஸ் செலவையும் ஒரே தராசில் வைக்கலாமா? கூடாது. தடுத்தவனுக்குக் குற்றம் உண்டு. தூரத்துக்குக் குற்றம் இல்லை. ஆனால் அந்த வேறுபாடு பெரியவர்களின் மனச்சாட்சிக்குத்தான் உதவும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் வெளியேதான்.

கையில் கைபேசி இருக்கிறதே, விழா எதற்கு என்பது அடுத்த மறுப்பு. கைபேசி படத்தைக் கொடுக்கும், பக்கத்து இருக்கையைக் கொடுக்காது. எல்லாரும் சிரிக்கும் இடத்தில் தான் ஏன் சிரிக்கவில்லை என்று ஒரு பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்தான் சினிமாவின் கல்வி இருக்கிறது. நீதி சொல்லும் படங்களாகப் பொறுக்கி அடுக்கும் விழாக்கள் (பெரியவர்களுக்கு அதில் தனி ஆசை) அதைத் தவறவிடுகின்றன. சினிமா படிப்பைக் கெடுக்கும் என்ற பழைய புகாருக்குப் பள்ளிக்கூடங்களே பதில் சொல்லிவிட்டன. கேரளம் 2018-இல் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு 45,000 வகுப்பறைகளில் கணினியும் புரொஜெக்டரும் வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லையிலுள்ள களியிக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் மாதந்தோறும் சிறார் படம் காட்டி, பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறார்கள். ஒரு பக்கம் கருவி, இன்னொரு பக்கம் பழக்கம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனபோது விழுந்த கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே பேச்சுள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைநகருக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போவதைவிடப் படப்பெட்டியை ஊருட்டம்பலத்துக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் பாறசாலைக்கும், கோட்டைத் தாண்டிக் குழித்துறைக்கும் கொண்டுபோவது செலவு குறைந்த வேலை. ‘விகதகுமாரன்’ படத்தை மட்டும் அதில் வைக்க முடியாது. அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.