கடல்கோளும் காலக்கணிப்பும்: முறையியல் நோக்கில் ஒரு குறிப்பு

தமிழிலக்கியத்தின் தொன்மை பற்றிப் பேசப்படும்போதெல்லாம் கடல்கோள் பற்றிய செய்தியும் உடனெழுவது வழக்கம். கி.பி. 8ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் இறையனார் களவியலுரை, முச்சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகளை வகுத்து, முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல்கொண்டதென்கின்றது. பின்வந்த அடியார்க்குநல்லார், அழிந்த நிலத்தை 700 காவதமாகவும் 49 நாடுகளாகவும் விரித்துரைத்தார். 1864இல் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், மடகஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட ஒத்த விலங்கினங்களை விளக்கும்பொருட்டு இலெமூரியா என்றொரு நிலப்பரப்பைக் கற்பித்தார். தமிழறிஞர் சிலர் அதனைக் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர். 1960களில் புவியோட்டுத் தகடுகள் பற்றிய கொள்கை நிலைபெற்றதும் இலெமூரியாவுக்கு அறிவியலில் இடமில்லாது போயிற்று. நம்மிடையே அது இன்னும் வாழ்கின்றது.

இப்போது அவ்வாதம் வேறோர் ஆதாரத்தைத் தேடிக்கொண்டுள்ளது. பனியூழியிற் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததென அறிவியலே கூறுகின்றதல்லவா என்பதே அது. கூற்று உண்மையே. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் அளவிற் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்கு நீரிணை அன்று தரையாயிருந்தது. இலங்கை இந்தியாவோடு இணைந்திருந்தது. குமரிமுனைக்குத் தெற்கேயும் ஓரளவு நிலம் வெளிப்பட்டிருந்தது. ஆயின் நிலம் மூழ்கியது என்று காட்டுவது வேறு; எப்போது மூழ்கியது என்று காட்டுவது வேறு. இரண்டாவது வினாவுக்கு விடை காணும் முறைகளை நாம் அறிந்துகொள்ளல் அவசியமாகும்.

பழைய கடல்மட்டத்தை நிறுவுவதற்கு இரண்டு தரவுகள் வேண்டும்: ஒன்று வயது, மற்றது உயரம். 1940களின் பிற்பகுதியில் வில்லாட் லிபி உருவாக்கிய காபன் 14 முறை, உயிரினம் இறந்தபின் அதிலுள்ள கதிரியக்கக் காபன் 5730 ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகக் குறைவதை அடிப்படையாகக் கொண்டது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அது பயன்படாது. கடற்சிப்பிகள் கடலிற் தங்கிய பழைய காபனை ஏற்பதால், உண்மை வயதிலும் சராசரியாக 400 ஆண்டுகள் மூத்தனவாகத் தோன்றும். அதனைத் திருத்தியே கணித்தல் வேண்டும். மணற்படைகளுக்கு ஒளிர்வு முறை உதவும். மணல்மணி இறுதியாக எப்போது வெயிலைக் கண்டதென்பதை அது கூறுகின்றது. முருகைக்கல்லுக்கு யுரேனியம் - தோரியம் முறை பொருத்தமானது.

1989இல் பெயர்பாங்ஸ் என்பார் பார்படோஸ் தீவுக் கடலடியைத் துளையிட்டு, நீர்ப்பரப்பை அண்டி வாழும் முருகையினத்தின் எச்சங்களைக்கொண்டு கடல்மட்டத்தின் வரலாற்றை வரைந்தார். அடுத்த ஆண்டிலேயே அதே முருகைக்கற்களை யுரேனியம் - தோரியம் முறையாற் கணித்தபோது, சுமார் 20,000 ஆண்டுப் பழமையானவற்றுக்குக் காபன் முறை கூறிய வயது ஏறக்குறைய 3500 ஆண்டுகள் குறைவென்பது தெரியவந்தது. ஒரு முறையின் பிழையை மற்றொரு முறை திருத்திற்று. அறிவியலின் வலிமை பிழையின்மையில் அன்று, இத்தகைய திருத்தத்திலேயே தங்கியுள்ளது.

எமது நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையிலுள்ள அக்குரல முதலிய இடங்களிற் கரைக்கு உள்ளே நிலத்தடியிற் பழைய முருகைக்கற்கள் புதைந்துள்ளன. 1980களிற் கட்டுப்பொத்த இத்தகைய தென்மேற்குக் கரைப் படிவுகளைக் காபன் முறையால் ஆராய்ந்தார். சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் இங்கு கடல் இன்றையதிலும் ஒரு மீற்றரோ அதற்குச் சற்று மேலோ உயர்ந்திருந்ததென்பது இத்தகைய ஆய்வுகளாற் புலனாயிற்று. இப்படிவுகளே சுண்ணாம்புச் சூளைகளுக்காகப் பல தசாப்தங்கள் அகழப்பட்டவை. சூளைக்குச் சென்ற கல் சான்றாக மீள்வதில்லை. வறுமையால் அகழ்ந்தவரை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. கட்டடத் தேவையும் அதன் இலாபமுமே அவர்களை அங்கு இறக்கின.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. பனிப்படலங்கள் உருகியதால் ஏற்பட்ட பேருயர்ச்சி ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்னரே பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. சங்கச் செய்யுள்கள் எழுந்த காலத்திற் கரையோரம் ஏறக்குறைய இன்றைய நிலையிலேயே இருந்தது. பனியூழியின் கணக்கைப் புலவர் அவைக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

நிலப்படிவை ஆராய்வோர் கைக்கொள்ளும் எச்சரிக்கையொன்று இலக்கிய ஆய்வாளருக்கும் உரியது. அலை பழைய படையிலிருந்து பெயர்த்த சிப்பியைப் புதிய படையிற் சேர்த்துவிடும். சிப்பியின் வயது படையின் வயதாகாது. உரைநூலொன்றிற் காணப்படும் பழங்கதையும் இத்தகையதே. கதை பழையதாகலாம், அதற்கு ஆண்டுக்கணக்கும் அரசர் வரிசையும் தந்த உரை பிற்காலத்தது.

அவ்வாறாயின் கடல்கோள் வெறும் கற்பனையா? அன்று. 2004 டிசம்பர் 26இன் பின் இவ்வினாவை எவரும் இலேசாக எழுப்பார். 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, அம்பாந்தோட்டைப் பகுதிக் கரகன் களப்பின் சேற்றுப்படைகளிடையே சுமார் 7000 ஆண்டுகளிற் பன்முறை வந்த ஆழிப்பேரலைகளின் மணற்படைகளை இனங்கண்டது. கடல் துறைகளையும் குடியிருப்புகளையும் கொண்டதுண்டு. முதலில் இழந்தோர் கரையில் வாழ்ந்த பரதவரே. ஆயின் உரைகளிற் பதிவானது பாண்டியனின் இழப்பு. உழைப்போரின் இழப்பு அரசனின் இழப்பாகி, இக்காலத்தில் இழந்த கண்டமொன்றின் பெருமிதமாகவும் மாறியுள்ளது.

இம்மாற்றத்தின் வரலாற்றை எழுதுவதே எம்முன் உள்ள பணி என நாம் கருதுகின்றோம். அதற்குக் களப்பின் சேறும் உரைகாரரின் ஏடும் ஒருங்கே வாசிக்கப்படல் வேண்டும். கடல் மீண்டும் உயர்ந்துவரும் இக்காலத்தில், கரையோர மக்களுக்கு வேண்டுவது மூழ்கிய கண்டத்தின் கனவன்று. தாம் நிற்கும் மணலின் உண்மையான வயதும் உயரமுமேயாகும்.